ஒரே கத்தரியின் இரு வாரிசுகள்

வின்ட்சர் கோமகனையும் மன்னர் சார்லஸையும் அருகருகே நிறுத்தினால், முன்னவர் மோஸ்தரை நடத்திச் சென்றவர், பின்னவர் அதற்கு அசையாதவர் என்றே முதலில் தோன்றும். முன்னவர் பின்னவருக்குத் தாத்தாவின் அண்ணன். அந்த உறவைவிட நெருக்கமானது இருவர் கோட்டுகளுக்கும் இடையிலான உறவு.

கோமகன் தொட்டது பரவியது. மாலை விருந்துக்குக் கறுப்பை விட்டு நள்ளிரவு நீலம் உடுத்தினார். கால்சட்டையில் பொத்தான் இருந்த இடத்தில் ஜிப் வைத்தார். சார்லஸோ 1980களில் பழகிய டபுள் பிரெஸ்ட் கோட்டை இன்றும் விடவில்லை. 1984இல் தைத்த மார்னிங் கோட்டை 2018இல் இளைய மகனின் திருமணத்துக்கும் அணிந்து வந்தார்.

இனி வெட்டைக் கவனிப்போம். மாறிக்கொண்டே இருந்ததாக நாம் கருதும் கோமகன், 1919 முதல் 1959 வரை நாற்பது ஆண்டுகள் கோட்டுக்கு நாடியது ஷோல்ட் என்ற ஒரே டெய்லரை. இராணுவ அதிகாரிகளின் கனத்த மேலங்கி இடுப்புவாரால் இறுகும்போது, மார்பிலும் தோள்பட்டைக்குப் பின்னும் துணி தளர்ந்து விழும். அந்தத் தளர்வை ஷோல்ட் சாதாரணக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். மார்பில் துணியைக் கூடுதலாக விட்டார். தோளில் பஞ்சைக் குறைத்தார். ஆர்ம்ஹோலைச் சிறிதாக்கி அக்குளை ஒட்டி ஏற்றினார். கையைத் தூக்கினாலும் காலர் கழுத்தைவிட்டு விலகாது. ஷோல்ட்டிடம் தேர்ந்த ஆண்டர்சன் 1906இல் தொடங்கியதுதான் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்டு. சார்லஸின் கோட்டுகள் பிறந்த கடை அது. ஆங்கிலேய மிடுக்கு என்று உலகம் வியக்கும் இந்த வெட்டின் பின்னால் ஷோல்ட் என்ற டச்சுப் பெயரும் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன்காரரும் இருப்பது எனக்கு ஓயாத வியப்பு.

ஆக, இருவரும் உடலுக்குப் பொருந்தும் வெட்டை ஒருமுறை தேர்ந்து நிலைநிறுத்திவிட்டார்கள். மாற்றத்துக்கு விட்ட இடம்தான் வேறு. கோமகன் அதை வண்ணத்திலும் கட்டங்களிலும் கால்சட்டையிலும் விட்டார்: கோட்டு லண்டனிலும் கால்சட்டை நியூயார்க்கிலுமாகத் தைக்கும் அளவுக்கு. சார்லஸ் கழுத்துப்பட்டையிலும் மார்புப்பைக் கைக்குட்டையிலும் மட்டும் விட்டார். கோமகனைப் பார்த்து உடுத்தியவர்களுக்குக் கட்டங்கள் எளிதில் கிடைத்தன. அவற்றைத் தாங்கி நின்ற தோள் வெட்டு அவ்வளவு எளிதில் கிடைக்கக்கூடியதல்ல.

இன்னும் வியப்பானது, இருவரும் இடம் மாறிக்கொள்ளும் தருணம். 1897இல் தம் தந்தைக்குத் தைத்த டார்ட்டன் உடையைக் கோமகன் ஜிப் வைத்துத் திருத்தி ஒரு விருந்தில் அணிந்தார். சில மாதங்களில் அமெரிக்காவில் டார்ட்டன் மோஸ்தராகிவிட்டது என்று 1960இல் வந்த தம் நூலில் அவரே சொல்கிறார். புதுமையாளரின் புதுமை, அரை நூற்றாண்டுப் பழசு! மறுபுறம், மாறாத சார்லஸை 2009இல் எஸ்குயர் இதழ் உலகிலேயே சிறப்பாக உடுத்துபவர் என்றது. தம்மை நின்றுபோன கடிகாரத்துக்கு ஒப்பிட்டு, இருபத்தைந்து ஆண்டுக்கொருமுறை தமக்கும் நேரம் வரும் என்று அவர் 2012இல் சொன்னார்.

என் மனம் சற்றே சார்லஸ் பக்கம் சாய்கிறது. காரணம் அவருடைய கோட்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் ஒட்டுகள். கோமகனின் உடைகள் 1998இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அவை சேகரிப்பவர்களின் பொருளாகிவிட்டிருந்தன. சார்லஸின் கோட்டுகளோ இன்னும் ஊசிக்கும் நூலுக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருக்கின்றன.