அரசர் பெயரும் ஆசிரியர் பெயரும்
புதுக்கோட்டைக் குன்றுகளில் சமணச் சுவடுகள்

சோழநாட்டின் வயல்வெளிகள் முடிந்து பாண்டிநாட்டின் மேட்டுநிலம் தொடங்கும் இடைப்பட்ட பகுதியே இன்றைய புதுக்கோட்டை மாவட்டம். மொட்டைப் பாறைகளும் சிறு குன்றுகளும், அவற்றின் இடுக்குகளில் வற்றாத சுனைகளும் இந்நிலத்தின் இயல்பு. உறையூரிலிருந்து மதுரைக்குச் சென்ற பழைய பெருவழிகள் இதன் ஊடே சென்றன. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கிச் செல்லும்போது அவர்களுக்குத் துணையாக நடந்தவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. வழி கூறும் மாங்காட்டு மறையோன் கொடும்பை நெடுங்குளத்தைச் சுட்டி, அங்கிருந்து பாதை சூலத்தின் முனைகள்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். அக்கொடும்பையே இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள கொடும்பாளூர். ஒரு பெண் துறவி கொல்லாமையைப் போற்றி நடந்த வழியாக இளங்கோவடிகள் காட்டும் நிலம் இது.

வழியும் சுனையும் குகையும் ஒருங்கே அமைந்த இடத்தைத் துறவியர் நாடியதில் வியப்பில்லை. மாமழைக் காலத்தில் நடந்தால் சிற்றுயிர்கள் மிதிபடும் என்பதால் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவது சமண முனிவரின் நெறி. ஊருக்குள் தங்காமல், உணவு ஏற்கச் செல்லுமளவிற்கு ஊருக்கு அண்மையிலும் இருக்க வேண்டும். புதுக்கோட்டைக் குன்றுகள் அத்தேவைக்கு இயற்கை அமைத்துக் கொடுத்த உறையுள்களாயின.

இன்று இம்மாவட்டத்திற்குச் சுற்றுலா வருவோர் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம் என வரிசையாகக் கண்டு செல்கின்றனர். "மகேந்திரவர்ம பல்லவன் தீட்டிய ஓவியம்" என்ற ஒரு தொடரோடு சித்தன்னவாசலின் வரலாறு அவர்களுக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அக்குன்றின் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்கள் வேறு. அவற்றைப் படிப்பவர்க்கு வரலாறும் வேறாகத் தோன்றும்.

ஏழடிப்பட்டம்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று உள்ளது. அதன் உச்சியை ஒட்டிய இயற்கைக் குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். பாறையில் அடி வைத்துச் செல்வதற்கு ஏழு குழிகள் வெட்டப்பட்டிருப்பதால் அப்பெயர் வந்தது. குகைக்குள் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் சற்று உயர்த்தித் தலையணைபோல் செதுக்கி, வழவழப்பாகத் தேய்க்கப்பட்டவை அவை.

அவற்றுள் பெரியதும் பழமையானதுமான படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. அதன் காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பர். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவர்க்குச் சிறுபோசில் இளையர் செய்தளித்த அதிட்டானம் இது என்பது அதன் பொருள். எருமிநாட்டை மைசூர்ப் பகுதியோடு அறிஞர் பொருத்துவர். அதிட்டானம் என்பது இருக்கை.

சிறிய கல்வெட்டுத்தான். ஆயினும் அதில் ஒரு சமுதாயத்தின் அமைப்பே அடங்கியுள்ளது. தொலைநாட்டில் பிறந்த ஒருவர் இங்கு வந்து தங்குகிறார். உள்ளூரார் அவருக்கு இருக்கை அமைத்துத் தருகின்றனர். வேற்று நாட்டார் என்ற வேறுபாடு அவர்களைத் தடுக்கவில்லை. அவர் பிறந்த ஊரையும் நாட்டையும் மறவாமல் எழுதி வைக்கின்றனர். துறவறமும் இல்லறமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமணச் சங்கத்தின் இயல்பு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இப்பாறையில் பதிவாகிவிட்டது. இக்கல்வெட்டில் எந்த அரசன் பெயரும் இல்லை என்பது கருதத்தக்கது.

அதே குகையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தமிழ் எழுத்துகளில் திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன், திருச்சாத்தன், ஸ்ரீபூர்ணசந்திரன் முதலிய பெயர்கள் படுக்கைகளின் அருகே பொறிக்கப்பட்டுள்ளன. முதற் கல்வெட்டிற்கும் இவற்றிற்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள். அரசுகள் பல மாறிய அந்நெடுங்காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இவ்வொரு குகையே துறவியரின் உறையுளாக இருந்திருக்கிறது.

அறிவர் கோயில்

அக்குன்றின் மேற்குச் சரிவில் குடைந்து அமைக்கப்பட்டதே அறிவர் கோயில். அறிவர் என்பது முற்றறிவு பெற்ற அருகப் பெருமானைக் குறிக்கும் தூய தமிழ்ச் சொல். கல்வெட்டு இத்தலத்தை அண்ணல்வாயில் என்கிறது. அன்னவாசல் என்ற இன்றைய ஊர்ப்பெயர் அதன் மரூஉ.

கருவறையின் பின்சுவரில் மூன்று திருமேனிகள் அமர்ந்த கோலத்தில் உள்ளன. இரண்டிற்கு முக்குடை உண்டு. அவை தீர்த்தங்கரர் திருவுருவங்கள். மூன்றாவதன் மேல் ஒற்றைக் குடையே உள்ளது. அது ஆசாரியர் ஒருவரின் உருவம். அர்த்தமண்டபத்தின் தென்சுவர் மாடத்தில் ஐந்தலை நாகம் குடை விரிக்கப் பார்சுவநாதர் வீற்றிருக்கிறார். எதிரே வடசுவர் மாடத்தில் ஒற்றைக் குடையின்கீழ் மீண்டும் ஓர் ஆசாரியர். இவ்விரு மாடங்களை ஒட்டி உலோகாதித்தன், திருவாசிரியன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தீர்த்தங்கரர் அமரும் கருவறையிலேயே ஆசாரியர்க்கும் இடம் தந்த கோயில் இது. பஞ்ச பரமேட்டிகளை வணங்கும் சமணர்க்கு இதன் பொருள் விளங்கும். அருகரையும் சித்தரையும் அடுத்து மூன்றாம் நிலையில் வணங்கப்படுபவர் ஆசாரியரே.

1916இல் வெளிவந்த புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாற்று நூலில் எஸ். இராதாகிருஷ்ண ஐயர் இக்கோயிலைக் குறிப்பிட்டார். பின்னர் து. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் ஓவியங்களை ஆராய்ந்தனர். 1920இல் துப்ராய் எழுதிய கட்டுரை உலகின் பார்வையை இங்குத் திருப்பியது. குடைவரையின் அமைப்பைக் கொண்டு இது சமணராயிருந்த காலத்து மகேந்திரவர்மனின் பணி என்று அக்காலத்தில் கருதினர். அக்கருத்தே பள்ளிப் பாடங்களிலும் வழிகாட்டி நூல்களிலும் நிலைத்துவிட்டது.

ஆனால் கோயிலின் முகப்பை அடுத்த பாறையில் செய்யுள் வடிவில் அமைந்த நீண்ட கல்வெட்டு வேறு செய்தி தருகிறது. அவனிபசேகரன் என்னும் சிறப்புப் பெயருடைய பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் (815–862), மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு முகமண்டபத்தையும் எடுத்தார் என்பதே அச்செய்தி. அர்த்தமண்டப ஓவியங்கள் அத்திருப்பணியின்போது எழுந்தவை என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிபு. கருவறை விதானத்தில் அவற்றினும் பழைய ஓர் ஓவிய அடுக்கு இருப்பதும் பின்னாளில் தெரியவந்தது. ஆகவே குடைவரை முன்னரே இருந்தது. அதற்குப் புத்துயிர் தந்தவர் மதுரையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர்.

மகாவீரரின் முதற் கணதரர் கௌதமர். அப்பெயரைத் தாங்கிய ஒருவர், தம் அரசனின் பெயரைக் காலம் குறிக்க மட்டும் சொல்லி, திருப்பணியைத் தம் பொறுப்பாக ஏற்றுச் செய்திருக்கிறார். அவர் எடுத்த முகமண்டபம் இடிந்து போயிற்று. இன்று முன்னால் நிற்கும் தூண்கள் சமஸ்தான ஆட்சியின் இறுதிக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. மண்டபம் போனாலும் பெயர் கல்லில் நின்றது. நின்ற பெயரை மக்கள் நாவில் நிறுத்தத் தவறியது பிற்காலத்தார் குறையே.

தாமரைக் குளமா, சமவசரணமா?

அர்த்தமண்டப விதானத்தில் உள்ள ஓவியத்தைப் பொதுவாகத் தாமரைக் குளம் என்பர். தாமரையும் அல்லியும் நிறைந்த தடாகத்தில் மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் காணப்படுகின்றன. மூவர் நீரில் இறங்கி மலர் பறிக்கின்றனர். கலை நோக்கில் காண்போர் கோட்டின் நளினத்தையும் வண்ணத்தின் குளிர்ச்சியையும் வியந்து செல்வர். தூண்களில் உள்ள ஆடல் மகளிரும், அரசன் அரசி உருவங்களும் அவ்வாறே போற்றப்படுகின்றன.

சமண மரபறிந்தவர்க்கு அக்குளம் வெறுங்குளம் அன்று. கேவலஞானம் பெற்ற தீர்த்தங்கரர் அறமுரைக்கத் தேவர்கள் அமைக்கும் திருச்சபை சமவசரணம். அதன் நிலங்களுள் இரண்டாவது காதிகா பூமி என்னும் நீர்நிலம். பவ்வியர்கள் அங்கே இறங்கி மலர் கொய்து, அருகனை வழிபட உள்ளே செல்வர். மேருமந்தர புராணத்தில் வாமன முனிவர் விரித்துரைக்கும் சமவசரணத்தையும், திருப்பருத்திக்குன்றத்து விதானத்தில் தீட்டப்பட்டுள்ள சமவசரணத்தையும் அறிந்த குடும்பத்தினர் இவ்வோவியத்தின் கீழ் நின்றால் தாம் நிற்கும் இடம் எது என்பதை உணர்வர். விதானத்தில் குளம், அதைக் கடந்தால் கருவறையில் அருகர். மலர் பறிக்கும் அம்மூவரும் அறங்கேட்கச் செல்லும் வழியில் உள்ளவர்கள். மண்டபத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் ஓவியன் அவ்வழியில் நிறுத்தியிருக்கிறான்.

பொருள் தெரியாதபோது அது அழகிய இயற்கைக் காட்சியாகச் சுருங்குகிறது. சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய வண்ணம் கைபட்டும் காற்றுபட்டும் மங்கி வருகிறது. வண்ணம் அழிவது ஓர் இழப்பு. வண்ணம் இருக்கும்போதே பொருள் அழிவது அதனினும் பெரிய இழப்பு.

ஏனைய குன்றுகள்

பொன்னமராவதிப் பகுதியில் உள்ள தேனிமலையில் ஆண்டார்மடம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. மலையத்துவசன் என்னும் முனிவர் அங்குத் தவம் செய்வதைக் கண்ட இருக்குவேள் அவரை வணங்கிப் பள்ளிச்சந்தம் அளித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சமணப் பள்ளிக்கு விடப்பட்ட அறக்கொடை நிலமே பள்ளிச்சந்தம். கொடும்பாளூர் வேளிர் சிவநெறிச் செல்வர். அவர்கள் மரபினர் ஒருவர் சமண முனிவரின் அடிபணிந்தார் என்பது, சமயங்களிடையே பகையை மட்டுமே பேசும் வரலாற்றிற்கு ஒரு திருத்தம்.

திருச்சிராப்பள்ளிச் சாலையில் உள்ள நார்த்தாமலை ஒருகாலத்தில் வணிகர் செழித்த நகரம். அதனை அடுத்த அம்மாசத்திரத்தில் ஆளுருட்டிமலை இருக்கிறது. அங்குக் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் புடைப்புருவங்களும் உள்ளன. கனகசந்திர பண்டிதரையும் அவர் மாணவர் தர்மதேவ ஆசாரியரையும் அங்குள்ள கல்வெட்டு குறிப்பிடுகிறது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தில், அதாவது 13ஆம் நூற்றாண்டில், இங்கே ஆசிரிய மாணவ மரபு அறுபடாமல் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

திருக்கோகர்ணத்தை அடுத்த சடையம்பாறையில் பெருநற்கிள்ளிச் சோழப் பெரும்பள்ளி இருந்தது. செட்டிப்பட்டியில் இடிந்து கிடக்கும் கற்றளியைச் சார்ந்த கல்வெட்டு ஐஞ்ஞூற்றுவப் பெரும்பள்ளி என்ற பெயரைத் தருகிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவின் பெயர் அதில் ஒலிக்கிறது. அவ்விடத்துக் கல்வெட்டொன்று தயாபாலர், வாதிராசர் ஆகியோரின் ஆசிரியரான மதிசாகரரைக் குறிப்பிடுகிறது. யசோதர சரிதத்தை வடமொழியில் இயற்றிய வாதிராசரின் ஆசிரியர் பெயர் ஒரு சிற்றூரின் சிதைந்த கோயிலில் கிடைப்பது, அக்காலச் சமணக் கல்வி எவ்வளவு பரந்து கிடந்தது என்பதைக் காட்டும்.

பெயர் தங்கிய இடங்கள்

நார்த்தாமலை மேலமலையில் விசயாலய சோழீச்சுரத்திற்கு எதிரே ஒரு குடைவரை உண்டு. இன்று அதில் ஒரே தோற்றமுடைய பன்னிரண்டு திருமால் உருவங்கள் உள்ளன. கல்வெட்டு அதனைப் பதினெண்பூமி விண்ணகரம் என்கிறது. ஆனால் மக்கள் இன்றும் அதைச் சமணர் குடகு என்றே அழைக்கின்றனர். வழிபாடு மாறியது, ஊரார் நாவில் பழம்பெயர் தங்கிவிட்டது. அதனைக் குறையாகவோ பகையாகவோ கொள்ள வேண்டுவதில்லை. மாற்றத்தை மாற்றமாகப் பதிவு செய்வதே வரலாற்றின் வேலை.

திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல் சமஸ்தான ஆட்சியில் நிறுவப்பட்டது. மாவட்டத்தின் பல ஊர்களில் கிடைத்த தீர்த்தங்கரர் கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் அங்குக் காக்கப்படுகின்றன. சமஸ்தானக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்ட பெருமையும் அவ்வாட்சிக்கு உண்டு. அத்தொகுப்பு இல்லையேல் இங்குக் கூறிய பெயர்களுள் பல மறைந்திருக்கும்.

செய்ய வேண்டுவன

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் முதலிய வடபகுதிகளிலும், தஞ்சைப் பகுதியில் தீபங்குடி, மன்னார்குடி முதலிய ஊர்களிலும் வாழ்கின்றன. புதுக்கோட்டைக் குன்றுகளைச் சுற்றி அவற்றைத் தம் முன்னோர் இடம் எனக் கூறும் பழங்குடும்பங்கள் இல்லை. சொல்வோர் இல்லாத வரலாறு பிறர் சொல்லியவாறே நிலைக்கும். மகேந்திரவர்மன் பெயர் நிலைத்து இளங்கௌதமன் பெயர் மறைந்தது அவ்வாறே.

ஆகவே இக்குன்றுகளுக்குச் செல்லும் குடும்பங்கள் சிலவற்றை மனங்கொள்வது நன்று. முதலில் ஏழடிப்பட்டத்திற்கு ஏறி, காவுடியின் அதிட்டானத்தைக் கண்டு, பிறகு அறிவர் கோயிலுக்கு இறங்கினால் ஈராயிரம் ஆண்டு வரிசை விளங்கும். இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. விளக்கேற்றிப் புகை படியச் செய்வதும், மஞ்சள் குங்குமம் எண்ணெய் பூசுவதும், ஓவியத்தைத் தொடுவதும் பக்தியாகா. கருவறையில் சற்று அமைதியாய் அமர்ந்து ணமோகாரம் ஓதினாலே போதும். அக்குடைவரை அவ்வொலியை முழக்கமாக்கித் திருப்பித் தரும். குழந்தைகளுக்குக் கல்வெட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என நான்கு தானங்களைச் சமண நூல்கள் போற்றும். முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்த சிறுபோசில் இளையரும், பள்ளிச்சந்தம் அளித்த இருக்குவேளும், மண்டபம் எடுத்த இளங்கௌதமனும் தத்தம் காலத்தில் இயன்றதைக் கொடுத்துச் சென்றனர். நிலம் கொடுக்கவும் மலை குடையவும் இன்று எல்லோர்க்கும் இயலாது. கல்லில் எழுதியதைப் படித்துப் பிழையின்றி அடுத்த தலைமுறைக்குச் சொல்வது எல்லோர்க்கும் இயலும். அதுவும் சாத்திரதானமே.