கோலின்: தாயின் ஆகாரமும் கருச்சிசுவின் ஈரலும்

கோலின் என்பது உயிரணுக்களின் சவ்வை அமைப்பதிலும், ஈரலில் சேரும் கொழுப்பை இரத்தத்தில் ஏற்றி வெளியே அனுப்புவதிலும், மரபணுக்களின் இயக்கத்தை நெறிப்படுத்தும் மெத்தில் தொகுதிகளை வழங்குவதிலும் பங்குகொள்ளும் போஷாக்குப் பொருளாகும். 1862-இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் பித்தநீரிலிருந்து பெறப்பட்ட இப்பொருளுக்குப் பெயரிட்டார். எனினும் அதன் அருமை 1932-இல்தான், டொராண்டோ நகரில் சார்லஸ் பெஸ்டும் அவருடைய சகாக்களும் செய்த பரிசோதனைகளால் விளங்கிற்று. கணையம் அகற்றப்பட்டு இன்சுலினால் உயிர்தரித்த நாய்களின் ஈரல் நாளடைவில் கொழுப்பேறிப் பருத்தது; லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளை ஊட்டியபோது அந்நோய் தணிந்தது; அந்த லெசித்தினுள் குணம் செய்த கூறு கோலினே என்று அவர்கள் நிலைநாட்டினர்.

இதே காலத்தில் நம் நாட்டிலும், கோலினுக்கு உறவான வேறொரு சத்தின் வரலாறு தொடங்கியது. பம்பாயிலும் நீலகிரியின் குன்னூரிலும் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலமென அறியப்பட்டது. ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12, கோலின் மூன்றும் ஹோமோசிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்தை மெதியோனினாக மாற்றும் ஒரே காரியத்தில் கூடி உழைப்பவை. ஆதலால் ஒன்றை மிகுத்து மற்றொன்றைக் குறைத்தால் சமநிலை குலையும். புனே கிராமங்களின் தாய்மார்களைத் தொடர்ந்து ஆராய்ந்த சி. எஸ். யாஜ்னிக் குழுவினர் 2008-இல் கண்டதும் இதுவே: ஃபோலிக் அமிலம் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருந்தது.

தாயின் ஆகாரம் கருச்சிசுவின் ஈரலைப் பாதிப்பதை நேரே காட்டிய சான்று குரங்குகளிடமிருந்து வந்தது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நெடுங்காலம் கொழுப்பு மிகுந்த உணவுண்ட தாய்க் குரங்கு பருத்திருந்தாலும் மெலிந்திருந்தாலும், சிசுவின் ஈரலில் கொழுப்பு ஏறத்தாழ மும்மடங்காயிற்று. தாயின் உடற்பருமனைக் காட்டிலும் அவள் உண்ட ஆகாரமே கருவைத் தீண்டுகிறது என்று காட்டியதால், இவ்வரலாற்றில் இவ்வாய்வையே யான் முதன்மையாகக் கருதுகிறேன். அத்தகைய கொழுப்புணவுண்ட தாய்ச் சுண்டெலிகளின் குடிநீரில் கோலினைக் கலந்தபோது, சிசுக்களின் மிகை வளர்ச்சி தடுக்கப்பட்டது. ஆயின் மனிதக் கருவின் ஈரலில் கோலினின் பயன் எவ்வளவு என்பதைச் சுண்டெலிகளைக்கொண்டு முடிவுகட்டுதல் தகாது.

1998-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 450 மில்லிகிராமும், பாலூட்டும் தாய்க்கு 550 மில்லிகிராமும் போதுமான அளவென வகுத்தது. ஒரு பெரிய முட்டையில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் உண்டு. அதில் பெரும்பகுதி மஞ்சள் கருவிலேயே அடங்கியிருக்கிறது. நம் நாட்டின் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு அளிக்கப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையிலோ கோலின் இல்லை.

தாமிரபரணியின் வண்டலில் நெல் விளையும் ஆழ்வார்திருநகரி போன்ற ஊர்களில், முட்டையையும் மீனையும் விலக்கிய வைணவ இல்லங்கள் பல. சோற்றில் கோலின் சொற்பமே. ஒரு தம்ளர் பாலில் சுமார் 40 மில்லிகிராம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களியை இந்நாட்டார் பருவமடைந்த பெண்ணுக்கும் பிள்ளைபெற்றவளுக்கும் பரிவோடு கொடுத்து வருகின்றனர். அதனைக் கர்ப்ப காலத்திலும் பாலோடும் பயறுகளோடும் சோயாவோடும் சேர்த்துக்கொள்வது நலம். ஆயினும் இவற்றால் மட்டும் 450 மில்லிகிராமை எட்டுவது எளிதன்று.