செல்ப் எடுக்கவில்லை!

மோட்டார் வண்டி ஓடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அது புறப்படுகிறதே, அதுதான் அதிசயம். நீராவி யந்திரத்தைப் போலவோ மின்சார மோட்டாரைப் போலவோ பெட்ரோல் யந்திரம் நின்ற நிலையிலிருந்து தானாக எழுந்திருக்காது. வேறு யாராவது அதைப் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போய், நசுங்கி, பொறி பட்டு, ஒரு தடவை வெடித்த பிறகுதான் அது தன் காலில் நிற்கும். அந்த "யாராவது" யார் என்ற கேள்வியிலே மோட்டார் சரித்திரத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

ஆரம்ப காலத்தில் மனிதன்தான் சுற்றினான். இரண்டு இடத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடியை வண்டியின் மூக்கில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. இதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. கட்டைவிரலைக் கைப்பிடியின் மறுபக்கம் கொண்டுபோகாமல் மற்ற நான்கு விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தும் விசையையும் முன்னதாகவே தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் பொறி முந்திக்கொள்ளும். யந்திரம் பின்புறமாக உதைக்கும். மணிக்கட்டு எலும்பு போய்விடும். வைத்திய நூல்களில் இந்த முறிவுக்கு "சாபர் முறிவு" என்றே பெயர். சாபர் என்றால் பிரெஞ்சு மொழியில் நெருப்பு மூட்டுகிறவன் என்று அர்த்தம். வண்டியோட்டிக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்ததே, பாவம்!

அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்ற மோட்டார் உற்பத்தியாளர் 1908-ல் காலமானார். வழியில் வண்டி நின்றுபோன ஒரு சீமாட்டிக்கு உதவப் போய்க் கைப்பிடியைச் சுற்றினார், அது திருப்பியடித்துத் தாடை உடைந்தது, அதனால்தான் இறந்தார் என்று கதை. அவர் 1908-ல் இறந்தது வாஸ்தவம். அந்தச் சீமாட்டியைப் பற்றி மட்டும் சரித்திரக்காரர்களுக்குச் சந்தேகம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் சந்தேகம்தான். இத்தனை பொருத்தமான பெண்மணிகளை நாங்கள்தான் வழக்கமாகச் சிருஷ்டிப்போம். ஆனால் அவருடைய நண்பரும் காடிலாக் கம்பெனியின் தலைவருமான ஹென்றி லேலண்ட், இனி இந்தக் கைப்பிடியே வேண்டாம் என்று தீர்மானித்தார் என்று சொல்வார்கள்.

வழி கண்டவர் சார்லஸ் கெட்டரிங். அவர் முதலில் வேலை பார்த்தது மோட்டார் தொழிலில் அல்ல. கடைகளில் காசு வாங்கிப் போடும் கல்லாப்பெட்டி யந்திரக் கம்பெனியில். அதை மின்சாரத்தால் இயக்க ஒரு சிறு மோட்டாரைப் பொருத்தியவர் அவர். வண்டி யந்திரத்தைச் சுற்ற வேண்டுமானால் வண்டியளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர் கல்லாப்பெட்டியை நினைத்துக்கொண்டார். நாளெல்லாம் உழைக்க வேண்டிய மோட்டார் வேறு. சில விநாடி மட்டும் தன் சக்திக்கு மீறி உழைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிற மோட்டார் வேறு. பின்னது சிறியதாக இருந்தால் போதும். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டி அந்த மோட்டாருடன் வந்தது. போர்டு கம்பெனியின் பிரசித்தி பெற்ற 'டி' மாடலுக்கு 1919-ல்தான் அந்தப் பாக்கியம் கிட்டியது. அதுவரை பலசாலிகளுக்கும் சம்பள டிரைவர் வைத்திருந்தவர்களுக்கும் மட்டுமே என்றிருந்த வண்டியைப் பெண்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். "செல்ப் ஸ்டார்ட்டர்" என்ற நீண்ட பெயரை நம்மவர்கள் பாதியாக வெட்டி "செல்ப்" என்று வைத்துக்கொண்டார்கள். வண்டி செல்ப் எடுக்கவில்லை என்று தமிழ்நாட்டில் சொன்னால் குழந்தைக்கும் புரியும்.

அதே 1912-ல்தான் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட ஆரம்பித்தார். அவருடைய பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பழைய மதுரைக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தப் பெருமைக்கும் ஒரு சோதனை வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம். மரக்கரியை எரித்து வாயு எடுக்கும் அடுப்பை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் தயாரித்து, பஸ்ஸின் முதுகில் கட்டினார்கள். கிளீனர் பையன் விடியுமுன் எழுந்து கரியைப் போட்டு, நெருப்பு மூட்டி, காற்றாடியை வெகுநேரம் கையால் சுற்றி, வாயு பற்றுகிறதா என்று பார்த்த பிறகே டிரைவர் வண்டியில் ஏறுவார். கெட்டரிங் ஒழித்த கைப்பிடி பின்புறமாக வந்து சேர்ந்துவிட்டது! சாபர் என்ற பட்டத்துக்கு உண்மையில் உரியவன் அந்தக் கிளீனர்தான். 1961-ல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. சென்னையை அடுத்த பாடியில் இந்த ஸ்டார்ட்டர் மோட்டார்கள் நம் ஊரிலேயே செய்யப்பட்டன.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கும் டி. கல்லுப்பட்டிக்கு வருகிறேன். 1940-ல் ஆரம்பித்த காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கேதான் இருக்கிறது. மாட்டு வண்டிக்காகப் பொருளாதார சாஸ்திரமே பேசிய ஜே. சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர். அந்த ஊரில் என் பெரியம்மா இருக்கிறாள். இருதயம் பலவீனம், பஸ் ஏற முடியாது. மாதம் இரு முறை மதுரைக்கு அழைத்துப் போவதற்காகவே ஒரு பழைய கார் வாங்கினேன். என்னைவிட இரண்டு வயது மூத்தது.

ஒரே அடியாகக் கெட்டுப்போன வண்டி நல்ல வண்டி; எங்கே கோளாறு என்று பார்த்துவிடலாம். இதுவோ ஒன்பது தடவை சமர்த்தாகப் புறப்படும், பத்தாவது தடவை மறுக்கும். மெக்கானிக் வரும்போது மறுபடியும் சமர்த்து. ராத்திரியில் பெரியம்மாவுக்கு மூச்சு முட்டினால் அது ஒன்பதாவது தடவையா பத்தாவதா என்று யார் சொல்வது? மதுரையில் ஒரு பட்டறையில் பாட்டரியை மாற்றினார்கள். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றினார்கள். பத்தாவது தடவை மட்டும் மாறவில்லை.

கல்லுப்பட்டியில் வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தொடவேயில்லை.

"எடுக்காதப்ப என்ன சத்தம் கேக்குது சார்? அதைச் சொல்லுங்க" என்றார்.

அவர் கணக்கு இது. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு செல்ப் அடிக்க வேண்டும். விளக்கு மங்கி, 'டக்' என்று மட்டும் கேட்டால் பாட்டரியோ, அதன் முனையில் பூத்த உப்போ, தளர்ந்த எர்த் கம்பியோ காரணம். விளக்கு மங்காமல் சத்தமே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. யந்திரம் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் ஸ்டார்ட்டர் நிரபராதி; பொறியையோ பெட்ரோலையோ விசாரிக்க வேண்டும். சூடான பிறகு மட்டும் சண்டித்தனம் செய்தால் காயிலையும் கண்டென்சரையும் சந்தேகிக்கலாம்.

"வெறுமனே 'விர்'ருன்னு சுத்துது, சில சமயம் 'கர்'ருன்னு அரைக்குது" என்றேன்.

"கியரைப் போட்டு லேசா முன்னால தள்ளினா?"

"உடனே எடுத்துக்கிடுது, அண்ணே."

"அப்ப பல்லுதான் சார். மோட்டாரை மாத்தி என்ன பண்ண?"

நான்கு சிலிண்டர் யந்திரத்தை நிறுத்தும்போது, அடுத்து அமுக்க வேண்டிய சிலிண்டரின் எதிர்ப்பில் அது நின்றுவிடும். இது அரைச் சுற்றுக்கு ஒரு முறை நேர்வது. ஆகையால் பறக்கும் சக்கரம் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே இடங்களில்தான் வந்து ஓய்கிறது. ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் வருஷக்கணக்காக அதே இரண்டு இடங்களில் பாய்ந்து கடிக்கிறது. அங்கே பற்கள் தேய்கின்றன. மற்ற இடங்களில் புதுப்பல் போலவே இருக்கின்றன. வண்டி தேய்ந்த இடத்தில் நின்றால் வம்பு, சற்றுத் தள்ளி நின்றால் சமர்த்து. கியர் பெட்டியை இறக்கிக் காட்டினார். எதிரும் புதிருமாக இரண்டு இடத்தில் பற்கள் கிழவன் வாய் மாதிரி மழுங்கியிருந்தன.

புது வளையம் தேடி அலையவில்லை. கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோனார். வளையத்தைக் காய்ச்சினால் விரிந்து கழன்றுவிடும். கால் சுற்றுத் திருப்பி, காய்ச்சின சூட்டோடு மறுபடி மாட்டி ஆறவிட்டால் இறுகிக்கொள்ளும். தேய்ந்த பற்கள் விலகி நல்ல பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிற அதே வித்தைதான். அந்தப் பட்டறைக்காரருக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டை என்று நினைத்தே காய்ச்சினார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன்.