எல்லைப் பள்ளியின் படமும் எஸ்.வி.ஜி.யின் கதையும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் அதற்கும் முன்பே கொச்சி சமஸ்தானத்தில் இருந்த ஊர். அங்கெல்லாம் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தமிழ் வழிப் பள்ளிகளும் நடக்கின்றன. கேரள அரசின் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளில் வெளியாவது இதனால்தான். பாடநூலில் வரும் படம் ஒன்றே. அதற்குள் எழுதும் பெயர்கள் மட்டும் மொழிக்கு மொழி மாற வேண்டும்.

இணையப் பாடங்களுக்கும் கையேடுகளுக்கும் படம் வரைபவருக்கு இது பெரிய வேலை. அந்த வேலையைச் சுலபமாக்கும் பட வடிவம் வந்து சேர நீண்ட காலம் பிடித்தது.

குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே, ஏறத்தாழ 169 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கும் இடுக்கி அணையை எடுத்துக்கொள்ளலாம். பி.என்.ஜி. படத்தில் அந்த வளைவு வெறும் புள்ளிக் கூட்டம். பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டாகிவிடும். வெக்டர் கோப்பிலோ தொடங்கும் புள்ளி, முடியும் புள்ளி, இடையில் வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு மழுங்காது. இந்தக் கணக்கைப் பிரான்சின் கார் தொழிற்சாலைகள்தான் வளர்த்தெடுத்தன: சித்ரோயனில் பால் த காஸ்தெல்ஷோ, ரெனோவில் பியேர் பெஸியே. 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி அதை அச்சகங்களுக்குக் கொண்டுவந்தது.

வலை மட்டும் பின்தங்கியது. 1998இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் முன் முக்கியமாக இரண்டு வெக்டர் பட முன்மொழிவுகள் மோதின: அடோபி தரப்பின் பி.ஜி.எம்.எல்., மைக்ரோசாப்ட் தரப்பின் வி.எம்.எல். கூட்டமைப்பு இரண்டில் எதையும் அப்படியே ஏற்கவில்லை. புதிதாக ஒன்றை வகுத்து, 2001 செப்டம்பரில் எஸ்.வி.ஜி. 1.0 என்று வெளியிட்டது. ஆனால் அன்று பெரும்பாலானோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதைத் தானாகக் காட்டத் தொடங்கியது 2011இல், ஒன்பதாம் பதிப்பில்தான். அந்தப் பத்தாண்டும் படம் போட்டவர்கள் பி.என்.ஜி.யோடும் பிளாஷோடும் காலம் தள்ளினார்கள். நல்ல தரம் ஒன்று கையில் இருந்தும் பயன்படாமல் கிடந்தது பெரும் இழப்பு.

கேரளத்துக்கு வேறொரு வழியில் கதவு திறந்தது. சோடிபோடி என்ற படம் வரையும் மென்பொருளிலிருந்து 2003இல் பிரிந்த இங்க்ஸ்கேப், எஸ்.வி.ஜி.யையே தன் சொந்தக் கோப்பு வடிவமாக வைத்துக்கொண்டது. கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால், இங்க்ஸ்கேப் பத்தாம் வகுப்புப் பாடத்துக்குள் வந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. எர்ணாகுளத்து மாணவி வரையும் அதே கருவியில் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளியின் மகளும் வரையலாம். இதைவிடப் பெரிய சமத்துவத்தை ஒரு மென்பொருளிடம் எதிர்பார்க்க முடியாது.

எஸ்.வி.ஜி. கோப்பை உரைத்திருத்தியில் திறந்தால் அதன் அருமை புரியும். ‘அணை’, ‘நீர்த்தேக்கம்’ என்ற சொற்கள் எழுத்தாகவே உள்ளே இருக்கும். தமிழை எடுத்துவிட்டு மலையாளத்தைப் போட்டால் போதும், ஒரு கோட்டையும் தொட வேண்டாம். ஒரே கோப்பில் பல மொழிகளை வைத்து, பார்ப்பவரின் மொழிக்கேற்பக் காட்டும் வசதியும் அந்தத் தரத்திலேயே உண்டு. தேடினால் சொல் அகப்படும். பார்வையற்றவருக்கான திரைவாசிப்பானும் படிக்கும்.

தமிழுக்கு மட்டும் ஒரு சிக்கல். ‘தே’ என்று எழுதும்போது கணினி முதலில் ‘த’வையும் பிறகு ஏகாரக் குறியையும் சேமிக்கிறது, திரையில் குறி முன்னால் வர வேண்டும். பழைய மென்பொருள்கள் இதில் தடுமாறின. அதற்குப் பயந்து எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடும் பழக்கம் வந்தது. தோற்றம் பிழைத்தது, சொல் போயிற்று. இன்றைய உலாவிகள் குறியைச் சரியாகவே வைக்கின்றன. ஆனாலும் தனிப் படமாக வலைப்பக்கத்தில் இணைத்த எஸ்.வி.ஜி., வெளியிலிருந்து எழுத்துருவை அழைக்காது. சாதனத்தில் உள்ளதைத்தான் எடுக்கும், சொல்லின் அகலம் மாறிப் பெட்டிக்கு வெளியே வழியும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடுவது இதற்கு ஒரு வழி. பெயர்களைச் சுற்றித் தாராளமாக இடம் விடுவது இன்னொன்று. அச்சுக்கூடம் கேட்டால் கோடாக்கிய நகலைக் கொடுக்கலாம். எழுத்துள்ள மூலக்கோப்பை அழிக்கவே கூடாது, அடுத்த மொழிபெயர்ப்பாளர் அதைத்தான் தேடி வருவார்.