தீவின் வோட்டும் தென்கரை வோட்டும்

திருவானைக்காவலையும் ஸ்ரீரங்கத்தையும் நடுவில் வைத்து, வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் அணைத்து நிற்கும் தீவின் பெயரைச் சட்டசபைத் தொகுதியொன்று தாங்கியிருப்பதால், அங்கே வோட்டு விழுவதெல்லாம் கோபுரங்களின் நிழலில்தான் என்று வெளியூர்க்காரர்கள் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். ஜம்புகேசுவரர் சந்நிதித் தெருவிலும் ரங்கநாதரின் உத்தர, சித்திரை வீதிகளிலும் நடக்கும் அரசியல் பேச்சு சுவாரசியமானது, சந்தேகமில்லை. ஆனால் தேர்தலின் பாரத்தைச் சுமப்பவை காவிரிப் பாலத்துக்கு அப்பால், உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் வாழைக் கொல்லைகள் சூழ்ந்த ஜீயபுரம் முதல், வானம் பார்த்த பூமியான இனாம்குளத்தூர் வரையில் பரந்து கிடக்கும் அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களின் கிராமங்களே.

அந்தக் கிராமத்தவரின் கைக்கு வோட்டு வந்து சேர்ந்த கதை நீண்டது. தமிழ்நாட்டில் வோட்டின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் உத்தரமேரூர்ச் சாசனங்களைத் தொடாமல் மேலே செல்வதில்லை. முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்கள் ஊரைக் குடும்பு எனப்படும் 30 வார்டுகளாகப் பிரித்து, கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய 35 முதல் 70 வயது வரையுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும் விலக்கி வைத்த விதி இக்காலத்துக்கும் தகும். ஆயினும் அது சீட்டுக் குலுக்கலேயன்றி வோட்டன்று. வயலில் நின்றவனின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

அவன் பெயர் பட்டியலில் ஏற ஆயிரம் ஆண்டுகள் சென்றன. 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு இரட்டை ஆட்சியின் கீழ் முதல் தேர்தல் நடந்தபோது சொத்தும் வரியும் உடையவர்களுக்கே வோட்டு இருந்தது. 1937-இல் வோட்டர் தொகை பெருகியதாயினும், வயது வந்தவர்களில் பெரும்பாலோர் அப்பொழுதும் வெளியில்தான் நின்றார்கள். அந்தத் தேர்தலில் எழுத்தறியாத வோட்டருக்கு வர்ணமே வழிகாட்டி. காங்கிரசின் மஞ்சள் பெட்டி கிராமந்தோறும் பிரசித்தி பெற்று, 215 ஸ்தானங்களில் 159 அக்கட்சிக்குக் கிடைத்தன.

1952-இல் வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டுரிமை வந்தது. ஒவ்வோர் அபேட்சகருக்கும் அவரவர் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி மறைவுக்குப் பின்னால் வரிசையாக இருக்க, வோட்டர் ஒரு ரூபாய் நோட்டளவான சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், முத்திரை ஏதும் குத்தாமல், விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். காங்கிரசின் இரட்டைக் காளைச் சின்னத்துக்கு உழவனிடம் விளக்கம் தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிட்டி, பெரும்பான்மையில்லாத நிலையில் ராஜாஜியை அழைத்து ஆட்சி அமைக்க நேர்ந்தது.

இந்தத் தேர்தல்களிலெல்லாம் ஜனங்களிடம் கேட்கப்பட்டது யார் வேண்டும் என்பதே. எது வேண்டும் என்பதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற ராஜ்யங்களில் கிராமத்து வோட்டர் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் அதே தேர்தலில், இன்ன வரி வேண்டுமா, இன்ன சட்டம் வேண்டுமா என்ற வினாக்களுக்கும் விடை சொல்லிவிட்டு வருகிறார். நம் நாட்டில் அதற்கு இடமில்லை. புதுச்சேரியின் இணைப்பை 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 170-க்கு 8 என்று தீர்மானித்தவர்கள் பிரதிநிதிகளேயன்றிப் பொதுஜனங்கள் அல்லர். மகாராஷ்டிரத்துடன் சேர்வதா, தனித்து நிற்பதா என்று 1967 ஜனவரியில் கோவா மக்களைக் கேட்டது அபூர்வமான விதிவிலக்கு.

எனினும் திருச்சிராப்பள்ளியில் ஒருமுறை வினாவுக்கே வோட்டுப் போட்டார்கள். போடச் சொன்னது சர்க்கார் அன்று, ஒரு கட்சி. 1949-இல் தோன்றி, 1952 தேர்தலில் தன் பெயரில் எவரையும் நிறுத்தாதிருந்த திராவிட முன்னேற்றக் கழகம், 1956 மே 17 முதல் 20 வரை இந்நகரில் கூடிய தன் மாநில மாநாட்டில், இனித் தேர்தலில் இறங்குவதா வேண்டாமா என்ற கேள்வியைத் தலைவர்களுக்குள்ளேயே முடித்துவிடாமல், திரண்டு வந்த தொண்டர்களின் முன் வைத்தது. வேண்டும் என்போருக்குச் சிவப்புப் பெட்டி, வேண்டாம் என்போருக்குக் கறுப்புப் பெட்டி. எண்ணிப் பார்த்தபோது வேண்டும் என்றவை 56,942. வேண்டாம் என்றவை 4,203. முடிவு எப்படியிருக்கும் என்பதை அக்கட்சியை நிறுவிய அண்ணாதுரை முன்னமே ஊகித்திருக்கக் கூடும். கேட்டார் என்பதே இங்கே விசேஷம். மறு வருஷம் அக்கட்சி சட்டசபையில் 15 ஸ்தானங்களைப் பெற்றது. அவற்றில் ஒன்று காவிரியின் தென்கரையோடு மேற்கே சென்றால் வரும் குளித்தலை. அங்கே வென்ற மு. கருணாநிதி சபையில் ஆற்றிய கன்னிப்பேச்சு நங்கவரம் விவசாயிகளின் குறையைப் பற்றியது. சிவப்புப் பெட்டியில் விழுந்த சீட்டு வயல் வரப்புக்கு வந்து சேர்ந்த வழி இதுவே.

இனித் தீவின் தொகுதிக்கே திரும்புவோம். ஸ்ரீரங்கம் தொகுதியின் பெயர் தேசமெங்கும் அடிபட்டது 2011-இல், ஜெயலலிதா தம் முன்னோரின் ஊர் என்று சொல்லி அங்கே நின்றபோது. அவர் பெற்ற வித்தியாசம் 41,848. பூர்விகம் தீவில் இருந்தாலும், வெற்றியின் பலன் தென்புறத்துக் கிராமங்களில்தான் கட்டடமாக எழுந்தது: தேசிய சட்டப் பல்கலைக்கழகம் நவலூர் குட்டப்பட்டில், தகவல் தொழில்நுட்பக் கல்விக்கூடம் சேதுராப்பட்டியில். அவர் பதவியிழந்ததால் 2015 பிப்ரவரி 13-இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் கட்சியின் வளர்மதி 96,516 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மறு ஆண்டே, அதே வளர்மதியின் வித்தியாசம் 14,409-ஆகச் சுருங்கியது. அப்போது தோற்ற தி.மு.க.வின் பழனியாண்டி 2021-இல் வென்றார். இதைக் கோவில் வீதிகளின் மனமாற்றம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியின் அமைச்சர்கள் கிராமம் கிராமமாக வந்து தங்குவதும், பொதுத் தேர்தலில் அவர்கள் தத்தம் தொகுதியை விட்டு நகராததும் தமிழ்நாடு அறிந்த விஷயம்.

எது வேண்டும் என்று கேட்கும் சபை அந்தக் கிராமங்களுக்கு இன்றும் உண்டு. குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜயந்தியிலும் கூடும் கிராம சபையில், வோட்டர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து பேசலாம், தீர்மானம் கோரலாம். 1994-இல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் அந்தச் சபை இல்லை. நகர வார்டுகளுக்கென்று பகுதி சபைகள் ஏற்பட்டது 2022-இல்தான்.