பணிசெய்வோருக்கான குறுகியகால இறையியல் கல்வி: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வேலை, குடும்பம், பயணம் ஆகியவற்றுக்கிடையே இறையியல் பயில விரும்பும் கிறித்தவர்களுக்கெனக் குறுகியகாலப் பாடத்திட்டங்கள் இன்று பல அமைப்புகளால் நடத்தப்படுகின்றன. இவை அண்மைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்டாலும், தமிழகத்தில் இவற்றின் வேர் 18ஆம் நூற்றாண்டின் வேதியர், உபதேசியார் பயிற்சியில் உள்ளது. அப்பயிற்சி முதல் 1971இல் பெங்களூருவில் தோன்றிய விரிவாக்க இறையியல் கல்வி வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடத்தின் காலம் யாருடைய நேரத்துக்கு ஏற்ப அமைந்தது, பயின்றவருக்குத் திருச்சபையில் எத்தகைய தகுதிநிலை கிடைத்தது என்னும் இரு வினாக்கள் இவ்வரலாறு முழுவதும் தொடர்வதைத் தருமபுரி மாவட்டச் சூழலில் வைத்து நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: இறையியல் கல்வி, வேதியர், உபதேசியார், விரிவாக்கக் கல்வி, பொதுநிலையினர், தருமபுரி.

முன்னுரை

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843, எழுத்தறிவு 68.54 விழுக்காடு. அக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் மிகக் குறைந்த எழுத்தறிவு இதுவே. மானாவாரி வேளாண்மையும், பெங்களூரு முதலிய நகரங்களுக்குக் கூலிவேலை தேடிச் செல்லும் புலம்பெயர்வும் இம்மாவட்ட மக்களின் வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கிறித்தவர்கள் இங்கு மிகச் சிறுபான்மையினர்.

பட்ட நிலையில் இறையியல் கற்பிக்கும் பெரிய கல்லூரிகள் பெங்களூரு, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் அமைந்துள்ளன. தருமபுரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவிலும், மதுரை ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலும் உள்ளன. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் பயிலும் கல்வி, இம்மாவட்டத்தில் குடும்பப் பொறுப்புடன் உழைத்துவாழும் ஒருவருக்கு எட்டாததாகும். ஆகவே குறுகியகாலக் கல்வியின் பயனையும் எல்லையையும் ஆராய இம்மாவட்டம் தக்க களமாகிறது.

வேதியர் மரபு

தமிழகத்தில் ஐரோப்பியக் குருக்களின் எண்ணிக்கை என்றும் குறைவாகவே இருந்தது. ஒரு குரு பல ஊர்களைச் சுற்றிவர வேண்டியிருந்ததால், ஆண்டின் பெரும்பகுதியில் செபம் நடத்துதல், குழந்தைகளுக்கு மறைக்கல்வி புகட்டுதல், நோயுற்றோரைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகிய பணிகளை உள்ளூர் வேதியர்களே செய்தனர். இவர்களுக்கு ஒழுங்கும் அறிவும் புகட்டும் நோக்கில் வீரமாமுனிவர் (1680-1747) இயற்றிய உரைநடை நூலே ‘வேதியர் ஒழுக்கம்’. தமிழ் உரைநடை வரலாற்றில் இந்நூல் பெறும் இடம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. கல்வி வரலாற்று நோக்கில், பணியிலிருக்கும் ஒருவர் கையில் வைத்துப் பயிலுதற்கான நூலாகவும் இதனைக் கொள்ளலாம். ஆசிரியர் அருகில் இல்லாத காலத்தில் நூலே ஆசிரியராக நிற்கும் முறை இங்குத் தெளிவாகத் தொடங்குகிறது.

தருமபுரிக்கு அருகிலுள்ள கோவிலூர் இம்மாவட்டத்தின் பழைமையான கத்தோலிக்கக் குடியிருப்புகளுள் ஒன்று. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மைசூர்ப் போர்கள் பாராமகால் பகுதியை அலைக்கழித்தன. 1792இல் அப்பகுதி ஆங்கிலக் கும்பினியின் ஆட்சிக்கு மாறியது. குருக்களின் வருகை அருகிய இத்தகைய காலங்களில், சிதறிக் கிடந்த சிறு கிறித்தவக் குழுக்கள் தம் நம்பிக்கையைத் தொடர்வதற்கு வேதியர் மரபு எத்துணை இன்றியமையாதது என்பது எளிதில் விளங்கும்.

இராசநாயக்கன்: கற்றவரும் தகுதிநிலையும்

சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றிலும் இதே நிலையைக் காணமுடிகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1716இல் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றை அங்குத் தொடங்கினார். எனினும் அக்காலத்தில் குறிப்பிடத்தக்க இறையறிவு பெற்றவர்களுள் ஒருவர் அப்பள்ளியின் வழி வந்தவர் அல்லர். தஞ்சை அரசரின் படையில் சேவகராக இருந்த இராசநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூல்களைப் படைப்பணிக்கிடையே தாமே படித்தார். 1720களின் இறுதியில் தரங்கம்பாடி சபையாரோடு இணைந்து, பின்னர்த் தஞ்சைப் பகுதியின் உபதேசியாராகப் பல்லாண்டு பணியாற்றினார்.

1733இல் ஆரோனும் 1741இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றனர். இராசநாயக்கனின் பெயர் கருதப்பட்டபோதிலும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவரின் கையிலிருந்து பிற சாதிக் கிறித்தவர்கள் திருவிருந்து பெறமாட்டார்கள் என்னும் அச்சமே அதற்குக் காரணமாயிற்று. கல்வியில் குறையின்மையும் பணியில் குறையின்மையும் இருந்தும் தகுதிநிலை மறுக்கப்பட்ட இந்நிகழ்வு இக்கட்டுரையின் இரண்டாம் வினாவுக்கு அடிப்படையாகும். வேலைக்கிடையே கற்றவர் எவ்வளவு கற்றார் என்பதைக் காட்டிலும், அவர் யார் என்பதே அவருடைய இடத்தை முடிவு செய்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்நிலை நிறுவன வடிவம் பெற்றது. இலண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்தில் பணி தொடங்கியது. அமெரிக்க மதுரை மிஷனின் கல்விநிலையம் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறியது. குருத்துவக் கல்லூரிகள் வளர வளர, நெடுங்காலம் தங்கிப் பயின்ற ஆயர்க்கும் ஊரிலிருந்தே பணிசெய்த உபதேசியாருக்கும் இடையிலான ஊதிய வேறுபாடும் மதிப்பு வேறுபாடும் உறுதிப்பட்டன.

விரிவாக்க இறையியல் கல்வி

இம்முறைக்கு மாற்று, உலக அளவில் 1960களில் உருவாயிற்று. குவாத்தமாலா நாட்டின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி நெடுங்காலம் மாணவரைப் பயிற்றுவித்தும், ஊர்ச் சபைகளில் ஆயராகத் தொடர்ந்தவர்கள் மிகச் சிலரே. தலைநகரில் பயின்றவர்கள் ஊருக்குத் திரும்ப விரும்பவில்லை. ஊரில் தலைமை ஏற்றிருந்தவர்களால் தலைநகருக்குச் செல்ல இயலவில்லை. 1962இல் கல்லூரி சிற்றூருக்கு மாற்றப்பட்டபோதும் சிக்கல் தீரவில்லை. ஆகவே 1963இல் ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமரி ஆகியோர் கல்லூரியையே மாணவரிடம் கொண்டுசெல்லும் முறையை அமைத்தனர். பின்னர் ராஸ் கின்ஸ்லர் அதனை வளர்த்தார். மாணவர் வீட்டில் தற்கற்றல் நூல்களைப் பயில்வர். வாரந்தோறும் ஆசிரியரை ஒரு மையத்தில் சந்திப்பர். அவ்வப்போது அனைவரும் ஓரிடத்தில் கூடுவர்.

இம்முறையை விளக்க, கல்வியியலாளர் டெட் வார்ட் வேலி உவமையைக் கையாண்டார். வேலியின் இரு குறுக்குக் கட்டைகளுள் ஒன்று பாட அறிவு, மற்றொன்று களப்பணி. இரண்டையும் இடைவெளி விட்டுத் தாங்கும் நடுகம்பங்கள் குழுக் கலந்துரையாடல்கள். இவற்றுள் ஒன்று இல்லையெனினும் வேலி நில்லாது.

இந்தியாவில் இம்முறையை முன்னெடுத்த விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம் (டாஃப்டீ) 1971இல் பெங்களூருவில் தோன்றியது. ஆங்கிலத்தில் பட்ட நிலைப் பாடங்களையும், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எளிய நிலைப் பாடங்களையும் இது வழங்கியது. 1827இல் தென்மார்க்கு அரசரிடமிருந்து பட்டயம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் ஆட்சிக்குழுவும் வேறு பணியில் இருப்போர் வெளியிலிருந்தே பயிலும் கிறித்தவவியல் படிப்புகளை ஏற்படுத்தியது. மதுரை அரசரடியில் 1969இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழி இறையியலுக்கு முதன்மை இடமளித்தது. அதன் முதல்வராக இருந்த சாமுவேல் அமிர்தம், பின்னர் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்வித் திட்டத்தை வழிநடத்தினார். அவர் ஜான் போபியுடன் இணைந்து 1986இல் பதிப்பித்த நூல், மக்களே இறையியலின் ஆக்கர் என்னும் கருத்தை முன்வைத்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் மாற்றத்துக்கு வித்திட்டது இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965). அச்சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட நற்செய்திப்பணி பற்றிய ஆணையின் 17ஆம் பிரிவு, வேதியர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள் தேவை என்றும், அவர்கள் குறித்த காலங்களில் கூடி அறிவைப் புதுப்பித்துக்கொள்ள வகுப்புகள் தேவை என்றும் கூறியது. முழுநேர வேதியர்க்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. தமிழரான து. ச. அமலோற்பவதாஸ் (1932-1990) 1967இல் பெங்களூருவில் நிறுவிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம், குருக்களோடு துறவியரும் பொதுநிலையினரும் சேர்ந்து பயிலும் பயிற்சி வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் நடத்தியது. 1930இல் தோன்றிய சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 24 அன்று தருமபுரி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது.

காலத்தின் கணக்கு

இன்றைய குறுகியகாலத் தீவிரப் பாடத்திட்டம் விரிவாக்கக் கல்வியினின்று வேறுபட்டது. நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் 5 நாட்கள் நடைபெறும் வகுப்பு 30 மணி நேரமாகும். வாரம் 2 மணி நேரம் வீதம் 15 வாரங்கள் நடைபெறும் பருவப் பாடமும் 30 மணி நேரமே. மணிக்கணக்கு ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல. வார வகுப்பில் கற்றதை மாணவர் தம் ஊரில் சோதித்துப் பார்த்து, எழும் ஐயத்துடன் மீண்டும் வருவார். தீவிர வகுப்பில் அந்த இடைவெளி இல்லை. வார்ட் கூறிய உவமையின்படி, நடுகம்பங்கள் அனைத்தும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டுக் குறுக்குக் கட்டைக்கு இடமின்றிப் போகின்றது. வகுப்புக்கு முன் வாசிப்பும் வகுப்புக்குப் பின் களப்பணியோடு இணைந்த எழுத்துப்பணியும் அமைந்தால் மட்டுமே இக்குறை நீங்கும்.

மேலும், குறுகிய காலம் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. ஊதிய விடுப்பு எடுக்கக்கூடிய பள்ளி ஆசிரியருக்கு 5 நாள் வகுப்பு எளிது. கோடை விடுமுறையில் நடந்தால் இன்னும் எளிது. பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் தருமபுரித் தொழிலாளிக்கு அது 5 நாள் கூலி இழப்பு. வீட்டையும் கால்நடையையும் பேணும் பெண்ணுக்கு வெளியூரில் தங்குவதே பெருந்தடை. இவர்களுக்கு வாரம் ஒரு மாலை, தம் ஊருக்கு அருகில், தமிழில் நடைபெறும் வகுப்பே பொருந்தும். எழுத்தறிவு குறைந்த சூழலில், நூல்வழித் தற்கற்றலும் தனித்து நில்லாது. கேட்டும் உரையாடியும் கற்கும் குழு இன்றியமையாதது. குறுகியகாலக் கல்வி நேரமில்லாதவர்க்கு என்று கூறப்பட்டாலும், நேரத்தைத் தாமே ஒழுங்குசெய்துகொள்ள வல்லவரையே அது முதலில் சென்றடைகிறது.

முடிவுரை

வேதியர் பயிற்சி முதல் தீவிரப் பாடத்திட்டம் வரையிலான வளர்ச்சியில் இரு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கற்பவரின் உழைப்பு நேரத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்த கல்வியே ஊர்ச் சபைகளைத் தாங்கியது. குவாத்தமாலாவிலும் பெங்களூருவிலும் நிகழ்ந்த மாற்றம், தமிழக வேதியர் மரபு முன்னரே அறிந்திருந்ததை முறைப்படுத்தியதாகவும் கொள்ளத்தக்கது. இரண்டாவது, இவ்வகைக் கல்வி பெற்றவர்க்கு உரிய தகுதிநிலை எளிதில் வழங்கப்படவில்லை. இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்டதற்குச் சாதி காரணமாயிற்று. பிற்காலத்தில் சான்றிதழின் தரவரிசை அவ்விடத்தைப் பிடித்தது. 2021 மே மாதத்தில் போப் பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான பணிநிலையாக நிறுவியது, இந்நெடிய குறையை ஏற்று எடுக்கப்பட்ட நடவடிக்கையாகும்.

எனவே குறுகியகாலப் பாடத்திட்டங்களை மதிப்பிடுவோர், பாடத்தின் தரத்தோடு யார் அதில் சேர இயலவில்லை என்பதையும், முடித்தவர்க்குச் சபையில் என்ன பொறுப்பு அளிக்கப்பட்டது என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும். தருமபுரி போன்ற மாவட்டங்களில் இவ்விரு நோக்கில் மேற்கொள்ளப்படும் கள ஆய்வுகளும் வேதியர்களின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பும் இத்துறைக்கு வளம் சேர்க்கும்.