வெள்ளிப் பெட்டியும் பத்து இராகங்களும்



உலகையே ஆட்டிவைத்த 'ஆசிட் ஹவுஸ்' என்னும் மின்னணு நடன இசையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்ற செய்தி 2010ஆம் ஆண்டிலிருந்து அவ்வப்போது வலம் வந்துகொண்டிருக்கிறது. நம் ஆசிரியர் வட்டாரத்திலும் அதைப் பெருமிதத்தோடு பகிர்பவர்கள் உண்டு. வகுப்பறையில் மாணவர்களிடம் சொன்னவர்களும் உண்டு. அச்செய்தியில் பாதி உண்மை. மறுபாதி, உண்மையாக நடந்ததைவிடச் சுவை குறைந்தது. அதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

கதை ஒரு வெள்ளி நிறப் பெட்டியில் தொடங்குகிறது.

ஜப்பானின் ஒசாக்கா நகரில் 1972இல் இக்குதாரோ காக்கேஹாஷி தொடங்கிய நிறுவனம் ரோலண்ட். இளமையில் பெற்றோரை இழந்து, கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்து, காசநோயோடு போராடி மீண்டவர் அவர். 1980இல் அந்நிறுவனம் டிஆர்-808 என்னும் தாளப் பெட்டியை வெளியிட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் வந்ததுதான் டிபி-303. வடிவமைத்தவர் தடாவோ கிக்குமோட்டோ என்னும் பொறியியலாளர். நோக்கம் மிக எளியது. வீட்டில் தனியாகக் கித்தார் பயிலும் ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பேஸ் கித்தார் வாசிக்க ஆளில்லை. அந்த ஆளுக்குப் பதிலாக இந்தப் பெட்டி. அமெரிக்காவில் அதன் விலை 395 டாலர்.

இவ்விடத்தில் பெற்றோர்களுக்காகச் சிறு விளக்கம். சிந்தசைசர் என்பது கம்பியும் தோலும் காற்றும் இன்றி மின்னோட்டத்திலிருந்தே ஒலியை உருவாக்கும் கருவி. சீக்வென்சர் ஒலி எழுப்பாது. எந்தச் சுரம் எந்தக் கணத்தில் ஒலிக்க வேண்டும் என்ற வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஆணையிடும். டிபி-303 இவ்விரண்டும் சேர்ந்த பெட்டி. ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டங்கள்.

அந்த வரிசையை உள்ளிடும் முறையில்தான் வேடிக்கை இருக்கிறது. முதலில் சுரங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும். பிறகு வேறொரு நிலைக்கு மாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த சுரம் ஒலிப்பதா, முந்தைய சுரத்தை நீட்டுவதா, மௌனமா என்று தனியாகச் சொல்ல வேண்டும். தமிழாசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. எழுத்துகளை ஒரு தாளிலும் மாத்திரைகளை வேறொரு தாளிலும் எழுதிக் கொடுத்து, இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது போன்றது இது. ப, ட, ம் என்பன எழுத்துகள். மாத்திரையை 2, 1, ½ என்று கொடுத்தால் 'பாடம்'. கை தவறி 1, 2, ½ என்று கொடுத்தால் 'படாம்'. பிழைதான், ஆனால் படாம் என்றாலும் பொருள் உண்டு. மயிலுக்குப் பேகன் போர்த்தியது அதைத்தானே!

டிபி-303இலும் இதுவே நிகழ்ந்தது. ஒரு மௌனத்தை மறந்தால் போதும், பின்வரும் சுரங்கள் யாவும் ஓரிடம் நகர்ந்து, நினைத்த வரிசை போய் நினையாத வரிசை பிறக்கும். மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் இயக்கினால், நினைவகத்தில் யாரும் எழுதாத வரிசைகள் தாமாகத் தோன்றியிருப்பதும் உண்டு. அதைவிடப் பெரிய குறை, அதன் ஒலி. பேஸ் கித்தாரைப் போல் அது சிறிதும் ஒலிக்கவில்லை. கித்தார்க் கலைஞர்கள் அதனைச் சீந்தவில்லை. ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது. பிறகு அவை பழம்பொருள் கடைகளில் மலிவு விலைக்குக் கிடந்தன.

ஆனால் உற்பத்தி நிற்பதற்கு முன்பே ஒரு பெட்டி மும்பையில் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் உரிமையாளர் சரண்ஜித் சிங், 1940இல் பிறந்தவர். இந்தித் திரைப்படப் பாடல்களுக்குப் பின்னணியில் கித்தாரும் விசைப்பலகையும் வாசித்த கலைஞர். அக்காலத்தில் இந்தித் திரையுலகில் டிஸ்கோ இசை கொடிகட்டிப் பறந்தது. இராகங்களை எடுத்துக்கொள்வோம், தபேலாவை நீக்கிவிட்டு டிஸ்கோ தாளம் வைப்போம் என்பதே அவருடைய எண்ணம். 1982இல் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற பெயரில் இசைத்தட்டு வெளிவந்தது. தாளத்துக்கு டிஆர்-808, இடைவிடாமல் சுழலும் கீழ்ச்சுரங்களுக்கு டிபி-303, இராகத்தை வாசிக்க ஜூப்பிட்டர்-8 என்ற விலை உயர்ந்த சிந்தசைசர். அவ்வளவே. பாடகர் இல்லை, பாடல் வரிகள் இல்லை.

இசை கற்றவர்கள் தட்டின் இராகப் பட்டியலைப் பார்த்தால் புன்னகைப்பார்கள். பைரவ் என்பது நம் மாயாமாளவகௌளையின் சுரங்களைக் கொண்டது. மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன், கல்யாணி. பூபாலி, மோகனம். பெயர்தான் வேறு. பாடும் பாணியும் வேறுதான், அதை மறுக்கவில்லை.

இராகத்துக்கு இயந்திரம் ஒத்துவருமா என்பது பழைய சண்டை. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல முடியாது; படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கத்தான் முடியும். கமகத்துக்கு இடமில்லாத கருவி என்பதும் ஒரு காரணமாகவே 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. அந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால் சரண்ஜித் சிங் செய்தது துணிச்சல். ஆனால் டிபி-303இல் ஒரு வசதி இருந்தது. எந்தச் சுரத்துக்கும் 'வழுக்கல்' குறி இடலாம். குறியிட்ட சுரம் அறுபடாமல் அடுத்த சுரத்தை நோக்கிச் சறுக்கிச் செல்லும். நம்மவர்கள் ஜாரு என்பார்கள், வடக்கே மீண்ட் என்பார்கள். பேஸ் கித்தாரில் விரல் சறுக்குவதைப் போலி செய்ய வைத்த வசதி, இராகத்துக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்தியது என்பதைக் கேட்டால்தான் புரியும். முழுமையான கமகம் என்று சொல்லமாட்டேன். ஒரு பாடகர் அசைக்கும் அசைவில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. இருந்தாலும் ஆர்மோனியத்தைவிட ஒரு படி மேல்.

இசைத்தட்டு விற்கவில்லை. மறக்கப்பட்டது.

இப்போது காட்சி சிகாகோவுக்கு மாறுகிறது. 1980களின் நடுப்பகுதி. டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்னும் மூன்று கறுப்பின இளைஞர்கள். குழுவின் பெயர் ஃபியூச்சர். ஸ்பாங்கி பழைய டிபி-303 ஒன்றை வாங்கிவந்தார். அதற்குரிய தாளப் பகுதியை ஓடவிட்டபோது பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு வரிசை ஒலித்தது. பியர் பெட்டியின் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். பெட்டியின் மேல்வரிசையில் ஆறு சிறு குமிழ்கள் உண்டு. ஒருமுறை திருகிச் சரிசெய்துவிட்டு, பிறகு தொடாமல் வாசிக்க வேண்டும் என்பதே வடிவமைத்தவரின் எண்ணமாக இருந்திருக்கும். இவர்கள் வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தாமல் திருகினார்கள்.

திருகினால் என்ன ஆகும்? வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்து காட்டலாம். குரலின் சுருதியை மாற்றாமல் 'ஊ' என்று தொடங்கி மெல்ல மெல்ல 'ஈ' என்று முடிக்கச் சொல்லுங்கள். தொண்டை எழுப்பும் ஒலி ஒன்றுதான். இதழ் குவிந்து பின் விரிவதாலும் நா நகர்வதாலும் ஒலியின் நிறம் மாறுகிறது. உகர ஊகாரம் இதழ் குவியப் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலில் படித்ததை நினைவுகூர்க. பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டியும் ஒருவகை வாய்தான். 'கட்டாஃப்' குமிழ் வாயைத் திறக்கிறது, மூடுகிறது. 'ரெசனன்ஸ்' குமிழ் குரலைக் கீச்சிட வைக்கிறது. ஒரே பதினாறு கட்டங்கள் ஒரு சுரமும் மாறாமல் சுழல, நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

அந்தப் பதிவை ஃபியூச்சர் குழுவினர் நகரின் மியூசிக் பாக்ஸ் நடன அரங்கில் இசை ஒலிபரப்பும் ரான் ஹார்டியிடம் கொடுத்தனர். பியர் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, ஹார்டி அதை ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கச் செய்தார். முதல்முறை ஆடுகளம் காலியானது. நான்காம் முறை கூட்டம் கொண்டாடியது. 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் அது இசைத்தட்டானது. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும். அங்கிருந்து இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் பரவியது. மலிவாகக் கிடந்த பெட்டியின் விலை ஏறிற்று. இன்று அசல் பெட்டி ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. ரோலண்ட் நிறுவனமே 2016இல் டிபி-03 என்ற சிறிய மறுவடிவத்தை வெளியிட்டது.

இனி அந்தப் பெருமிதச் செய்திக்கு வருவோம். எடோ பௌமன் என்னும் டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் 2002இல் டில்லியில் சரண்ஜித் சிங்கின் பழைய இசைத்தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் அது மறுவெளியீடு கண்டது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள், யாரோ ஐரோப்பிய இசைஞர் செய்த போலி என்றுகூடச் சிலர் ஐயுற்றார்கள். ஐந்தாண்டு முந்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிகாகோ இளைஞர்கள் அதைக் கேட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. முந்தியது என்பது வேறு, தோற்றுவித்தது என்பது வேறு. 'கண்டுபிடித்தார்' என்று பிள்ளைகளிடம் சொன்னால், அந்த மூன்று இளைஞர்களின் உழைப்பை நாம் எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். மேலும், சரண்ஜித் சிங் செய்தது ஆசிட் ஹவுஸ் அன்று. அவர் இராகத்தின் கட்டுக்குள் நின்று பெட்டியைப் பக்கவாத்தியமாக்கினார். அவர்கள் பெட்டியையே பாடகராக்கினார்கள். ஒரு பெட்டி இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகப் பிழைத்த கதை, 'நாமே முதல்வர்' என்னும் கதையைவிட எனக்கு வியப்பாக இருக்கிறது.

எழுபது வயதைக் கடந்தபின் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

எங்கள் பள்ளியில் சங்கீதம் பயிலும் நான்காம் ஆண்டு மாணவிகளுக்குப் பைரவ் பகுதியைப் பெயர் சொல்லாமல் ஒலிக்கவிட்டேன். தாளம் தொடங்கியதும் சிரித்தார்கள். மெட்டு ஏறத் தொடங்கியதும் ஒருத்தி தொடையில் தாளம் போட்டபடி, "டீச்சர், இது சரளி வரிசை இராகம்தானே?" என்று கேட்டாள்.